மாடிவீட்டு வண்டி

மார்ச் 3, செவ்வாய்

வாடகை வண்டிக்காரன் இன்றும் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மதியத்துக்கு மேல் வந்து நின்றான். கேட்டால் "ஒரே டிராஃபிக்கா" என்கிறான். மூன்று தெரு தள்ளி இருக்கிறவனுக்கு என்ன டிராஃபிக்? நர்சரி வாசலில் எடுத்து வைத்த தொட்டிச் செடிகள் எல்லாம் வெயிலில் தலை தொங்கி நின்றன. வாங்க வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்துப் போனார். இனி இந்தப் பக்கம் வர மாட்டார்.

எங்கள் சரக்கு ஆட்டோ எஞ்சின் போய், காயலான் கடைக்குப் போனதிலிருந்து இதே பிழைப்புதான்.

சாயங்காலம் அந்த ஏழு மாடி ஆபீஸ் கட்டடத்து மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து திங்கள்தோறும், ஆட்கள் வேலைக்கு வருவதற்கு முன்னால், எல்லா மாடியிலும் தொட்டிகளை மாற்றித் தர வேண்டும். வாடினதை எடுத்துவந்து நிழலில் தேற்ற வேண்டும், தேறினதைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். வருஷம் பூரா வேலை. இதற்காக எத்தனை நாள் நடையாய் நடந்திருக்கிறேன்! எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது அந்த மனுஷன் கேட்கிறார்: "நீங்க முட்டைக்காரம்மாவுக்குச் சொந்தமாமே? எங்க கேன்டீனுக்கு அவங்கதான் போடுறாங்க. மணி அடிச்ச மாதிரி வண்டி வந்து நிக்கும். உங்களுக்கும் சொந்த வண்டிதானே?"

"ஆமா சார், சொந்த வண்டிதான்" என்றேன்.

வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். அவள் பேச்சை எடுக்காமல் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

"ஒரு திங்கக்கிழமை தவறினாலும் வேற ஆளைப் பார்த்துக்குவோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

மார்ச் 5, வியாழன்

முட்டைக்காரம்மா! என் ஓரகத்திதான், வேறு யார். இவருடைய தம்பி பெண்டாட்டி. மாடியில் அவர்கள், கீழே நாங்கள். என்னைவிடப் பத்து வயசு சின்னவள். வந்த புதிதில் "அக்கா, அக்கா" என்று என் பின்னாலேயே சுற்றினாள். கிளட்ச் எது, பிரேக் எது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்ததே என்னுடைய சரக்கு ஆட்டோவில்தான். இப்போது வெள்ளைப் பிக்கப் வண்டி வைத்துக்கொண்டு ஊர் பூராவும் கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் முட்டை போட்டுக் கொடிகட்டிப் பறக்கிறாள். என் ஆட்டோ காயலான் கடையில் கிடக்கிறது.

இதையெல்லாம் எனக்கே நான் ஏன் எழுதிக்கொள்கிறேன்? எழுதினால் கொஞ்சம் ஆறும் என்றுதான்.

அந்த வண்டி நிற்பது என் அடுப்படி ஜன்னலுக்கு நேராக. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைத்தான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மகாராணி வாளியும் துணியுமாக இறங்கி வந்து குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி குளிப்பாட்டுவாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, "புது வண்டி மாதிரியே வெச்சிருக்கியேம்மா" என்பார்கள். அவளும் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள். "ஒரு முட்டை உடைஞ்சதில்லீங்க" என்பாள். இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டாள்!

நாமும் ஒரு பிக்கப் வாங்கிவிடலாம் என்று இவரிடம் சொன்னேன். கையில் இருப்பதற்குப் புதுசு நினைத்தே பார்க்க முடியாது, பழசுதான். அதுவும் வழியில் நிற்காத பழசாக வேண்டும். இவருக்கு வண்டி என்றால் சைக்கிள் மட்டும்தான். மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "சின்னவளைக் கூட்டிட்டுப் போ. அதுக்கு வண்டியப் பத்தி நல்லாத் தெரியும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "ஏன், எனக்குக் கண்ணு இல்லையா? காது இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு, இருக்கு. வாயும் இருக்கு" என்றார்.

ராத்திரி சாப்பாட்டுக்கு நானாகக் கூப்பிடவில்லை. அவராக எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார்.

மார்ச் 7, சனி

பைபாஸ் ஓரத்தில் பழைய வண்டி விற்கிற இடத்துக்குப் போனேன். தனியாகத்தான்.

புரோக்கர் ஒரு நீல வண்டியைக் காட்டினான். "ஒரே கை மேடம். ஒரு டாக்டர் வெச்சிருந்த வண்டி."

"டாக்டருக்கு எதுக்குப்பா பிக்கப்? பேஷன்ட்டை அள்ளிப் போட்டுக்கிட்டு வரவா?"

அவனே சிரித்துவிட்டான். ஆனாலும் விடவில்லை. சீட்டுக்குப் புது உறை, உள்ளே சென்ட் வாசனை, மீட்டரில் ஓடினதே கொஞ்சம்தான். நான் பானெட் மேல் கையை வைத்துப் பார்த்தேன். கொதித்தது. நான் வருவதற்கு முன்னாலேயே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறான். ஆறின எஞ்சினை எழுப்பினால்தானே அதன் லட்சணம் தெரியும்? பிறகு குனிந்து கிளட்ச் பெடலைப் பார்த்தேன். ரப்பர் தேய்ந்து வழவழவென்று இரும்பு தெரிந்தது. கொஞ்சமாக ஓடின வண்டிக்குப் பெடல் இப்படியா தேயும்? மீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறான்.

"போய்ட்டு வரேன் தம்பி, டாக்டரைக் கேட்டதா சொல்லு" என்று கிளம்பிவிட்டேன். எவ்வளவு சந்தோஷம்! யார் துணையும் இல்லாமல் நானே கண்டுபிடித்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

இவர் போய் அவளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறார். "அக்கா கரெக்டாப் பார்த்திருக்காங்க மாமான்னு சொல்லிச்சு" என்றார். அவள் மார்க் போட நான் என்ன பரீட்சையா எழுதினேன்?

மார்ச் 11, புதன்

சாயங்காலம் வண்டியை உள்ளே விடும்போது மகாராணி மறுபடியும் கேட் தூணில் உரசினாள். கிரீச்சென்று சத்தம். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. அவள் இறங்கி, இடது பக்கம் போய்க் குனிந்து பார்த்து, விரலால் தடவிக்கொண்டே நின்றாள். நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், குளிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் என் அடுப்படிக்கே வந்தாள். அது இது என்று பேசிவிட்டு, "அக்கா, வண்டியக் குடுத்துடலாம்னு இருக்கேன். நீங்க தேடுறீங்கன்னு மாமா சொன்னாரு. வெளியில குடுக்கிறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு வந்தேன்" என்றாள்.

"ஏன், இதைவிடப் பெருசா எடுக்கப் போறியா?"

"பார்க்கலாம்க்கா."

பார்க்கலாமாம். அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பெரிய வண்டி வரப்போகிறது. அது வந்து நிற்க இடம் வேண்டும். அதனால் இதைக் கீழ்வீட்டுக்காரி தலையில் கட்டிவிடலாம் என்று பார்க்கிறாள். அவள் போட்டுக் கழித்த துணியை நான் உடுத்திக்கொண்டு திரிய வேண்டும். ஊர்ப்பட்ட கடைக்காரனெல்லாம் "முட்டைக்காரம்மா வண்டிதானே இது" என்று என்னிடமே கேட்பான். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்ட வேண்டும்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி அனுப்பினேன். யோசிக்க ஒன்றுமில்லை. செத்தாலும் வாங்க மாட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

ஹார்டுவேர் கடைக்காரருடைய வண்டி. பச்சைக் கலர். மகாராணியின் வண்டியைவிட ஒரு முழம் நீளம். சரக்கு ஏற்றும் இடம் நல்ல அகலம். உயரமான செடிகளைக்கூடச் சாய்க்காமல் நிறுத்தி வைக்கலாம். காலையிலேயே போனேன், பானெட் ஜில்லென்று இருந்தது, சாவியைத் திருப்பினதும் எடுத்துக்கொண்டது. வேறென்ன வேண்டும்? "ரெண்டு பேர் கேட்டுட்டுப் போயிருக்காங்க" என்றார். முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலில் அதைக் கொண்டுவந்து இந்த வெள்ளை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தனியாகச் சிரித்திருப்பேன் போல.

மார்ச் 17, செவ்வாய்

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். மகாராணிக்குத் தெரிந்த ஆள் வேண்டாம் என்று ஊரின் அந்தக் கோடியிலிருந்து பிடித்த ஆள். அதிகம் பேச மாட்டார். நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எஞ்சின் பரவாயில்ல" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். போனவர் வெளியே வரவே இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்து சட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அடியில சேஸிஸ் சட்டம் விரிசல் விட்டிருக்கும்மா. வெல்டிங் வெச்சு, மேல தார் பூசி மறைச்சிருக்காங்க. சிமென்ட்டும் கம்பியுமா அளவுக்கு மேல ஏத்தி ஓட்டின வண்டி. ஒரு நாள் பாரத்தோட போகும்போது முறிஞ்சு உட்காரும்."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சொல்லியே இருக்கக் கூடாது. "நாத்து வாங்கப் போனா பையைக் கிழிச்சு வேரைப் பார்க்காம காசைக் குடுக்க மாட்ட. கலரைப் பார்த்து வண்டி வாங்கிட்டியாக்கும்?" என்று கேட்டார்.

சரியான கேள்வி. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. முன்பணம் கொடுக்கிற வரைக்கும் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லையே! நீளத்தைப் பார்த்தேன். அகலத்தைப் பார்த்தேன். அவள் வண்டியைவிடப் பெரிதா என்பதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 18, புதன்

ஹார்டுவேர் கடை வாசலில் நின்று கத்தினேன். ஆணி வாங்க வந்தவர்கள் ஆணியை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "தார் பூசினது யாரு? நீயா, உன் மெக்கானிக்கா? சொல்லுய்யா!" முன்பணத்தில் பாதியை மேஜைமேல் வைத்து, "தாயே, ஆளை விடுங்க" என்றார். மீதி வரவில்லை. தொண்டை கட்டிவிட்டது.

மார்ச் 22, ஞாயிறு

பார்த்ததெல்லாம் இப்படி. ஒன்று: ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை. இன்னொன்று: வண்டி நன்றாக இருக்கிறது, ஆனால் ஆர்.சி. புக்கில் வேறு ஆள் பேர். அவர் எங்கே என்றால் "வெளியூரு". இன்னொன்று உப்புக்காற்றில் துரு ஏறிக் கதவைத் திறந்தால் கையோடு வருகிறது. நல்லதாக ஒன்றே ஒன்று இருந்தது. அதன் விலையைக் கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு வண்டியைப் பார்க்கும்போதும் என்னை அறியாமல் மாடிவீட்டு வண்டியோடு ஒப்பிடுகிறேன். அதன் கதவு இப்படி ஆடாது. அதன் சைலன்சர் இப்படிக் கறுப்பாகக் கக்காது. காலையில் அவள் சாவியைத் திருப்பின உடனே அது எடுத்துக்கொள்ளும். இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன். எனக்கு அந்த வண்டி வேண்டும். அவளுடையதாக இல்லாமல் அதே வண்டி வேண்டும். எங்கே போய்த் தேட?

மார்ச் 24, செவ்வாய்

மேனேஜர் போன் செய்தார். "வண்டி நம்பரை அனுப்புங்கம்மா, கேட்ல பாஸ் போடணும்."

"இதோ சார்" என்றேன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். ஜன்னலுக்கு நேராக அது நிற்கிறது. நம்பர் பிளேட்டைத் துடைத்துப் பளபளவென்று வேறு வைத்திருக்கிறாள். அந்த நம்பரையே அனுப்பிவிட்டேன்.

திருட்டுப் புத்தி. இனி வாங்கித்தானே ஆக வேண்டும்.

மார்ச் 26, வியாழன்

சும்மா வாங்கிவிட முடியுமா? அந்நியன் வண்டியைப் பார்ப்பது மாதிரி ஆற அமரப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று அந்த மெக்கானிக்கையே வரவழைத்தேன். ஏதாவது ஒன்று, ஒரு சின்ன ஓட்டையாவது கிடைக்காதா என்றிருந்தது. அவள் சாவியைக் கொடுத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

மனுஷன் ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்தார். ஆயில் மூடியைத் திறந்தார். சாக்கை விரித்து அடியில் போனார். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். கிரீஸ் அடிக்க வேண்டிய இடத்துல எல்லாம் தவறாம அடிச்சிருக்காங்க. டயர் நாலும் புதுசு. பேட்டரியும் புதுசு. விக்கிற எண்ணத்துல இருக்கிறவங்க டயர் மாத்த மாட்டாங்கம்மா. என்ன கஷ்டமோ, திடீர்னு விக்கிறாங்க."

கஷ்டமாவது ஒன்றாவது. பெரிய வண்டி வாங்குகிறவளுக்கு என்ன கஷ்டம்?

"குறையே இல்லையா?" என்று கேட்டேன்.

"இடது பக்கம் மட்டும் கீறல் நிறைய இருக்கு. வலது பக்கம் சுத்தமா இருக்கு. அது ஓட்டத்துக்கு ஒண்ணும் பண்ணாது" என்றார்.

எனக்கு அது போதும்.

மார்ச் 28, சனி

விலை பேச மாடிக்குப் போனோம். நான், இவர், அவள், கொழுந்தன், நாலே பேர். அவள் ஒரு விலை சொன்னாள். நியாயமான விலைதான். வெளியில் அலைந்துவிட்டு வந்தவளுக்குத் தெரியாதா? ஆனால் அவள் சொன்ன உடனே சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இடது பக்கம் பூரா கீறலா இருக்கே. கண்ணு தெரியாதவ ஓட்டின வண்டி மாதிரி இல்ல இருக்கு? அதுக்குத் தகுந்த மாதிரி குறைச்சுக்கோ" என்றேன்.

கொழுந்தன் எழுந்து உள்ளே போய்விட்டான். அண்ணி என்றால் அவ்வளவு மரியாதையாக இருப்பவன்! அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "குறைச்சுக்கலாம்க்கா" என்றாள். நான் கேட்க நினைத்ததைவிட அதிகமாகவே குறைத்தாள்.

இறங்கி வரும்போது இவர், "அப்படிப் பேசியிருக்க வேண்டாம்" என்றார். வியாபாரம் என்றால் நாலு வார்த்தை வரத்தான் செய்யும். முதல் தடவையாக அவளை ஜெயித்திருக்கிறேன். அப்புறம் ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

ஏப்ரல் 1, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஆர்.சி. புக்கில் பேர் மாற்றிக்கொண்டு வந்தோம். வாசலில் வண்டிக்குள் உட்காரவைத்து அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். மழை நாளில் இரண்டாவது கியர் கொஞ்சம் பிகு பண்ணுமாம், அவசரப்படக் கூடாதாம். ஹேண்ட் பிரேக்கை ஒரு சொடுக்கு அதிகம் இழுக்க வேண்டுமாம். நானும் உம் உம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இடது பக்கக் கண்ணாடிக்கு மேலே ஒரு வட்டக் கண்ணாடி கூடுதலாக ஒட்டியிருந்தது.

"இது என்னத்துக்கு? அழகுக்கா?" என்று கேட்டேன்.

"எனக்காக ஒட்டினதுக்கா. உங்களுக்கு வேண்டாம்னா பிய்ச்சுடுங்க. எனக்கு அந்தப் பக்கம் தெரியறதில்ல."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். கண்ணுக்குள் அழுத்தமாம். நேரே இருப்பது நன்றாகத் தெரிகிறது, ஓரத்தில் வருவது தெரிவதில்லை. இடது கண்ணில் ரொம்ப. போன பார்வை போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றத்தான் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். புது டயர் போட்ட அடுத்த வாரம் சொன்னாராம், இனி வண்டியைத் தொடவே கூடாது என்று. டிரைவர் வைத்தால் கட்டுப்படி ஆகாது. கொழுந்தனுக்கு ஃபேக்டரி ஷிஃப்ட். தொடக் கூடாது என்ற பிறகும் கொஞ்ச நாள் திருட்டுத்தனமாக ஓட்டியிருக்கிறாள். "ஒரு சின்னப் பொண்ணு சைக்கிள்ல இடது பக்கம் வந்துச்சுக்கா. எனக்குத் தெரியவே இல்ல. அது சத்தம் போட்டதால தப்பிச்சுது. அன்னைக்குத்தான் உங்க அடுப்படிக்கு வந்தேன்."

பெரிய வண்டியும் இல்லை, ஒன்றும் இல்லை.

"என்கிட்ட ஏண்டி சொல்லல?" என்று கத்தினேன். யார் மேல் கோபமோ.

"சொன்னா பாவம்னு பார்ப்பீங்க. இத்தனை வருஷமா நீங்க என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கிட்டு இருந்தீங்க. எனக்குத் தெரியும்க்கா. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

சாவியை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். நான் அந்த சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கண்ணு தெரியாதவ ஓட்டின மாதிரி இருக்கு என்று இந்த வாயால்தானே சொன்னேன். அதற்கு விலை வேறு குறைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

குறைத்த பணத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள். "பேசி முடிச்சது முடிச்சதுதான்க்கா" என்றாள். திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

முதல் நாள். விடியும்போதே செடிகளோடு போய் நின்றேன். கேட்டில் இருந்த ஆள் நம்பரைப் பார்த்துவிட்டு, "முட்டை இன்னைக்குச் சீக்கிரம் வந்துடுச்சே!" என்றான். பின்னால் இருப்பது செடி என்று காட்டினேன். "அந்தம்மா வரலையா?" என்று கேட்டான். லிஃப்ட்காரனும் கேட்டான். கேன்டீன்காரரும் கேட்டார். ஏழு மாடியும் ஏறி இறங்கி முடிப்பதற்குள், செடி நன்றாக இருக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அவளைத்தான் எல்லோரும் விசாரித்தார்கள்.

எரிந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் எரிகிறதே, நான் என்ன ஜென்மம்!

வண்டி பூப்போல ஓடுகிறது.

ஏப்ரல் 9, வியாழன்

அவளுக்குப் பாதிக் கடைகள் போய்விட்டனவாம். மீதிக் கடைகளுக்கு நான் ஏற்றிப் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கொழுந்தனிடம் சொல்லி அனுப்பினேன். "அக்கா பிரேக் போடுறதுக்கு முட்டை தாங்காதுன்னு சொல்றா அண்ணி" என்று வந்து நின்றான். திமிர் இன்னும் போகவில்லை. நல்லதுதான்.

சாயங்காலம் அவளே இறங்கி வந்தாள். வெள்ளிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் என்று முடிவாயிற்று.

ஏப்ரல் 16, வியாழன்

கண் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வண்டியில் அவள் இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி உட்கார்ந்தாள். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "அக்கா, கியரை மாத்துங்க, அது கத்துது பாருங்க." "அக்கா, பள்ளம்." "பள்ளம் எனக்கும் தெரியுதுடி" என்று சொல்ல வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் அவளுடைய வலது காலும் வெறும் தரையை மிதித்தது. அவளுக்கே அது தெரியவில்லை.

திரும்பி வரும்போது கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். கூசுகிறது என்று கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அக்கா."

"என்ன?"

"காலைல நீங்க வண்டிய எடுக்கிற சத்தம் கேட்கும்போது தலைகாணிய எடுத்துக் காது மேல வெச்சு அமுக்கிக்கிறேன். அப்பவும் கேட்குது. வயிறெல்லாம் காந்துது. உங்க மேல கோபம் இல்ல. பொறாமைதான். நீங்க ஓட்டுறீங்கல்ல, அந்தப் பொறாமை."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருந்தேன். சமாதானமாக எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த எரிச்சலுக்கு எந்தச் சமாதானமும் ஏறாது. அது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

"தெரியும்" என்று மட்டும் சொன்னேன்.

"உங்களுக்குத் தெரியும்னுதான் சொன்னேன்" என்றாள்.

ஏப்ரல் 20, திங்கள்

இவரைச் சீக்கிரமே எழுப்பிவிட்டேன். "பின்னாடி நின்னு தள்ளுங்க" என்றேன்.

"ஏன், வண்டிக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. தெருமுனை வரைக்கும் சத்தமில்லாம போகணும்."

மாடி ஜன்னலை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். நான் கியரை எடுத்துவிட்டு, கதவைத் திறந்துவைத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். செடியெல்லாம் நர்சரியில்தானே ஏற்ற வேண்டும். வெறும் வண்டி, ஆடி அசைந்து உருண்டது. கேட்டைத் தாண்டினோம்.

எதிர்வீட்டுக்காரர் வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்றார். பிரஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "என்னம்மா, வாங்கின மாசமே தள்ள வெச்சிருச்சா? அந்தப் பொண்ணு கையில இருந்தப்போ பட்டுனு ஸ்டார்ட் ஆகுமே!" என்றார்.

"ஆமாங்க" என்றேன். "அவ கையில நல்லா ஓடுச்சு. எனக்குத்தான் சரியா வர மாட்டேங்குது."

"அதுக்கெல்லாம் ஒரு கை வேணும்" என்றார்.

"வேணும்தாங்க" என்றேன்.

இவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. தெருமுனை திரும்பி, நாலு வீடு தள்ளிப் போன பிறகு நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். உடனே எடுத்துக்கொண்டது.